"மருதானே!" என்று சிரிப்பவர்களுக்கு



இந்த வாரம் நாம் சம்பள உயர்வைப் பற்றி எழுதவில்லை. போனஸைப் பற்றியும் எழுதவில்லை. ஒரு பிள்ளையின் கையைப் பற்றி எழுதுகிறோம். "இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர்கள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு நகைக்கட்டும்.

பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். வயது ஒன்பது. வலது கையில் மட்டும் பதினான்கு மரு. நகத்தைச் சுற்றி ஐந்து, விரல் மடிப்பில் நான்கு, மற்றவை புறங்கையில். இரண்டரை ஆண்டுகளாக இருக்கின்றன. பென்சில் பிடித்தால் வலிக்கிறது. பள்ளியில் எந்தப் பிள்ளையும் அவன் கையைப் பிடித்து விளையாடுவதில்லை. அவன் கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். தாய் நிர்வாகத்திடம் போய், பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பும் ஒரு வண்டியும் கேட்டார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? "மருதானே! தானாக விழுந்துவிடும். போய் மரத்தைப் பார்."

தோட்டத்தின் பெயரை நாம் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பதிலை எந்தத் தோட்டத்தில்தான் கேட்கவில்லை?

மரு என்பது என்ன?

முதலில் நம்மிடையே உள்ள இருட்டை விரட்டுவோம். நட்சத்திரத்தை எண்ணியதால் மரு வருவதில்லை. தவளையைத் தொட்டதால் வருவதில்லை. பூர்வ ஜென்ம பாவத்தால் வருவதில்லை. அழுக்கான வீட்டுப் பிள்ளைக்குத்தான் வரும் என்பதும் பொய். துரை பங்களாப் பிள்ளைக்கும் வரும், லயத்துப் பிள்ளைக்கும் வரும்.

மரு என்பது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. அந்தக் கிருமிக்கு ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்று பெயர். அதில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கையிலும் காலிலும் மரு உண்டாக்கும் இனங்கள் வேறு. பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் இனங்கள் வேறு. ஆகவே பிள்ளையின் கையில் மருவைக் கண்டதும் புற்றுநோய் என்று எந்தத் தாயும் பதற வேண்டாம். தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் இருந்தால் போதும், கிருமி உள்ளே நுழைந்துவிடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நடப்பது, ஒரே துண்டால் நாலு பிள்ளைகள் துடைத்துக்கொள்வது, நகத்தைக் கடிப்பது, மருவைக் கிள்ளி அந்த விரலால் வேறு இடத்தைச் சொறிவது, இவையே அது பரவும் வழிகள். பொதுக் குளியலிடத்தில் பிள்ளைகள் வளரும் இடத்தில் அது பரவுவதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாதி உண்மை முழுப் பொய்யை விடக் கொடியது

"தானாக விழுந்துவிடும்" என்று நிர்வாகம் சொன்னதே, அது பொய்யா? இல்லை. அது பாதி உண்மை. பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய பாதி ஓராண்டுக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கு இரண்டாண்டுக்குள்ளும் தாமாக மறைகின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒருநாள் அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்கிறது, மரு உதிர்கிறது. கோயில் குளத்தில் உப்பும் வெல்லமும் கரைத்தால் மருவும் கரையும் என்று நம் பெரியவர்கள் நம்பியதற்கும் இதுவே காரணம். அவர்கள் பக்தியை நாம் பழிக்கவில்லை. கரைத்தது வெல்லமல்ல, காலமும் உடம்பும் என்றுதான் சொல்கிறோம்.

ஆகையால், வலியில்லாத இரண்டொரு மரு வந்து ஆறு மாதம் ஆன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட வேண்டாம். பொறுத்திருப்பதும் ஒரு வைத்தியமே. இதை நாம் ஒளிக்கவில்லை.

ஆனால் கேட்கிறோம்: மூன்றில் இரண்டு பங்கு போனால், மீதி ஒரு பங்கு எங்கே போகிறது? அந்த ஒரு பங்கில்தான் இந்தப் பிள்ளை நிற்கிறான். இரண்டரை ஆண்டு பொறுத்தவனைப் பார்த்து இன்னும் பொறு என்பது வைத்தியமா, அல்லது கைகழுவலா? காலடியில் மரு வந்து நொண்டுகிற பிள்ளைக்கும், நகத்தடியில் வந்து எழுத முடியாத பிள்ளைக்கும், வேறு நோய்க்கு மருந்து உண்டு எதிர்ப்புச் சக்தி குன்றிப்போன பிள்ளைக்கும் "தானாக விழும்" என்ற வார்த்தை உதவாது. பாதி உண்மையைச் சொல்லி முழுப் பொறுப்பையும் தட்டிக் கழிக்கிறார்கள். அதையே நாம் கண்டிக்கிறோம்.

ஸ்டோர் ஆசிட்டைத் தொடாதீர்கள்!

வழி இல்லாதவன் என்ன செய்வான்? தானே வழி தேடுவான். அந்த வழி எங்கே கொண்டு விடுகிறது என்பதைச் சொல்ல நமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

குதிரைமயிரால் கட்டுகிறார்கள். ஊதுவத்தியால் சுடுகிறார்கள். எருக்கம்பால் வைக்கிறார்கள். பிளேடால் சீவுகிறார்கள். எல்லாவற்றிலும் கொடியது, பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டை ஸ்டோரிலிருந்து ஒரு சிறு போத்தலில் எடுத்துவந்து பிள்ளையின் கையில் தடவுவது. தோழர்களே, அந்த ஆசிட் எவ்வளவு கடுமையானது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? பாலில் ஊற்றுமுன் அதில் எவ்வளவு தண்ணீர் கலக்கிறோம்? தண்ணீர் கலக்காத ஆசிட் மருவோடு நிற்காது. பக்கத்துத் தோலைத் தின்னும், தசையைத் தின்னும், ஆயுள் முழுவதும் தழும்பைக் கொடுக்கும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். அப்படித் தெறித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக வேண்டாம். தடை செய்கிற அதிகாரம் நமக்கில்லை. கெஞ்சுகிற உரிமை உண்டு. கெஞ்சுகிறோம்.

எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்கள்

ஒரு பக்கம் "ஒன்றும் வேண்டாம்" என்பவர்கள். மறுபக்கம் "எல்லாம் என்னிடம் இருக்கிறது, பணத்தை எடு" என்பவர்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று நினைக்கும் கூட்டம் இது.

இவர்கள் இப்போது ஒரு புதிய மந்திரச் சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்: "வைரஸைக் கொல்லும் கிரீம்". மரு வைரஸால் வருகிறது, ஆகவே வைரஸ் கிரீம் பூசினால் போய்விடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. எந்த வைரஸுக்கு எந்தக் கிரீம் என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

கடையில் எளிதாகக் கிடைப்பது அசைக்ளோவிர் என்ற கிரீம். உதட்டில் வரும் கொப்புளத்துக்கு அது நல்ல மருந்து. அந்தக் கொப்புளம் ஹெர்ப்பிஸ் என்ற வேறொரு கிருமியால் வருவது. அசைக்ளோவிர் தானாக வேலை செய்யாது. ஹெர்ப்பிஸ் கிருமி தன்னுள் வைத்திருக்கும் ஒரு நொதிதான் அதை வேலை செய்யத் தூண்டுகிறது. மருக் கிருமியிடம் அந்த நொதி கிடையாது. ஆகவே அந்தக் கிரீமை மருவின்மேல் பூசுவதும் பூட்டின்மேல் வேறு வீட்டுச் சாவியைத் தேய்ப்பதும் ஒன்று. அந்தக் குழாய்க்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அப்படியானால் மருவுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தே இல்லையா? ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சிடோபோவிர். பிராக் நகரத்து ரசாயன அறிஞர் அந்தோனின் ஹோலியும், பெல்ஜியத்தின் லூவன் நகரத்து எரிக் டி கிளர்க்கும் சேர்ந்து உலகுக்குக் கொடுத்த மருந்து அது. எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணைக் குருடாக்கும் ஒரு வைரஸுக்கு ஊசி மருந்தாக 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குக் கிருமியின் நொதி வேண்டியதில்லை. நம் உடம்பின் நொதிகளே அதை வேலைக்கு ஏவிவிடும். ஆகையால் மருத்துவர்கள் அதை 1 சதவீதம் முதல் 3 சதவீதம் வரை கிரீமாகக் கலந்து, எதற்கும் மசியாத மருக்களுக்குப் பூசிப் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்குப் பலனும் கிடைத்தது.

ஆனால் விற்பவன் சொல்லாததை நாம் சொல்கிறோம். மருவுக்கென்று அனுமதி பெற்ற சிடோபோவிர் கிரீம் கடையில் இல்லை. மருந்தாளர் கையால் கலந்து தர வேண்டியது. விலையோ அதிகம். சான்றோ குறைவு: 2009-இல் அயர்லாந்து மருத்துவர்கள் பிள்ளைகளிடம் கண்ட பலனை எழுதினார்கள், எத்தனை பிள்ளைகள்? ஏழே ஏழு பேர்! பூசிய இடம் எரியும், புண்ணாகும். புண்ணான தோலில் பூசினால் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோயும் கருவுக்குக் கேடும் உண்டாக்கிய மருந்து அது. கர்ப்பிணித் தாய் வெறுங்கையால் தொடலாகாது. ஆகவே அது தோல் நிபுணரின் கண்காணிப்பில், மற்ற வழிகளெல்லாம் தோற்ற பின், இரத்தப் பரிசோதனையோடு பூச வேண்டிய கடைசி ஆயுதம். அதைக் கள்ளச் சந்தைச் சரக்கைப்போல் பெயர்ச்சீட்டில்லாத டப்பியில் அடைத்து எவனாவது நீட்டினால், கையை மடக்கிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

எளிய மருந்து ஏன் எட்டவில்லை?

கடைசி ஆயுதத்தைப் பற்றிப் பேசினோம். முதல் ஆயுதம் எது?

சாலிசிலிக் ஆசிட் என்ற மருந்து. மிகப் பழையது, மிக மலிவானது. இரவில் மருவை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊற வைத்து, மேல்தோலை மெல்ல ராவி, சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் தடவி, மருவின்மேல் மட்டும் மருந்தை விட வேண்டும். மூன்று மாதம் தினமும் விடாமல் செய்ய வேண்டும். முகத்திலும் மறைவிடத்திலும் பூசக்கூடாது. ராவிய அட்டையை மற்றப் பிள்ளைகள் தொடக்கூடாது. இவ்வளவுதான்.

அடுத்தது, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. சுழிக்குக் கீழே 196 பாகைக் குளிர்! இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை செய்ய வேண்டும். வலிக்கும், கறுத்த தோலில் சில காலம் வெளுத்த அடையாளமும் நிற்கலாம். 2010-இல் நெதர்லாந்தில் 250 பேரிடம் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதின்மூன்று வாரத்தில் கை போன்ற இடங்களில் வரும் சாதாரண மரு உறைய வைத்தவர்களில் 49 சதவீதம் பேருக்கும், சாலிசிலிக் ஆசிட் பூசியவர்களில் 15 சதவீதம் பேருக்கும், சும்மா இருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் முழுதாகப் போயிற்று. உள்ளங்கால் மருவிலோ மூன்று வழிகளுக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை.

இந்தக் கணக்கை நிர்வாகங்கள் நன்றாகப் படிக்கட்டும். காலில் வந்த மருவுக்குப் பொறுத்திருக்கச் சொன்னால் அதில் நியாயம் இருக்கலாம். கையில் வந்த மருவுக்கு 49 எங்கே, 8 எங்கே? எட்டுப் பங்கை எங்களுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்!

ஒரு மருவின் விலை

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமகனுக்குச் சீட்டு 1 ரிங்கிட். நிபுணர் பிரிவுக்கு 5 ரிங்கிட். "இதைவிட என்ன சலுகை வேண்டும்?" என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு அல்ல தோழர்களே, அங்கே போய்ச் சேரும் வழிதான் விலை.

கணக்குப் போடுவோம். கிராணிமார்கள் பென்சிலை எடுத்துச் சரிபார்க்கட்டும். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 காசு. உறைய வைக்கும் சிகிச்சைக்கு ஐந்து முறை போனால் ஐந்து நாள் சம்பளம், அதாவது ஏறத்தாழ 327 ரிங்கிட். மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு! வண்டிச் சத்தம் தனி. பிள்ளைக்கு வெளியில் வாங்கிக் கொடுக்கும் சோறு தனி. சட்டம் தரும் நோய் விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளையின் நோய்க்கு அல்ல.

இப்போது சொல்லுங்கள்: அந்தத் தாய் ஏன் இரண்டரை ஆண்டு காத்திருந்தார்? அறியாமையாலா? அலட்சியத்தாலா? இல்லை. அரிசிப் பானைக்கும் பிள்ளையின் கைக்கும் நடுவே நின்று தினமும் கணக்குப் போட்டார். தினமும் பானைதான் ஜெயித்தது. ஸ்டோர் ஆசிட்டைத் தேடுகிற கை முட்டாளின் கை அல்ல; 327 ரிங்கிட் இல்லாதவரின் கை!

லாபத்தைத் தொட்டால் மட்டும் நோயா?

சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. நல்ல மனிதர், நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் தோட்ட முதலாளிகள் கால்வாய் வெட்டப் பணம் கொடுத்தது ஏன்? மலேரியாவில் கூலிகள் சுருண்டு விழுந்தால் பால் இறங்காது என்பதால். மருவால் பால் குறைவதில்லை. பிள்ளை பிரட்டுக்கு வருவதில்லை. ஆகவே பிள்ளையின் மரு நோயல்ல! இதுதானே உங்கள் வைத்திய சாஸ்திரம்?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், 446-ஆம் எண் சட்டம், தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் வீடும் ஆயக்கொட்டகையும் வேண்டும் என்பதோடு நில்லாமல், சுகாதார, ஆஸ்பத்திரி, மருத்துவ வசதிகளை முதலாளி செய்ய வேண்டும் என்பதையும் தன் நோக்கமாகச் சொல்கிறது. "சார்ந்தவர்" என்றால் யார்? பங்களா நாயா? எங்கள் பிள்ளைகள் அல்லவா!

நமக்குள்ளும் ஒரு வார்த்தை

முதலாளியை மட்டும் பேசிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட மாட்டோம்.

கிராணிமார்களே, ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டு வருகிறவரை "இதற்குப் போயா?" என்று நீங்களே கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். நீங்களும் சங்கத்துப் பிள்ளைகள். டிரஸ்ஸர் ஐயாமார்களே, மருவுக்கு அசைக்ளோவிர் குழாயைக் கொடுத்துக் கணக்கை முடிக்காதீர்கள்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள். பெற்றோர்களே, மரு வந்த பிள்ளையை "தொடாதே, தள்ளிப் போ" என்று சொந்த வீட்டிலேயே ஒதுக்காதீர்கள். துண்டைத் தனியாகக் கொடுங்கள், மருவின்மேல் ஒட்டுப் பிளாஸ்திரி போடுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள். மரு இரத்தம் கசிந்தாலும், நிறம் மாறினாலும், திடீரென்று பெருகினாலும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையைக் கடைசி வாங்கில் தனியே உட்கார வைக்காதீர்கள்.

நாம் கேட்பது

1. ஒவ்வொரு தோட்டத்து மருந்தகத்திலும் சாலிசிலிக் ஆசிட் மருந்து இலவசமாக இருக்க வேண்டும்; பூசும் முறையைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

2. மூன்று மாதம் பூசியும் போகாத மருவுள்ள பிள்ளையை நிர்வாகமே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். உடன் செல்லும் தாய் அல்லது தகப்பனுக்கு அந்த நாளின் சம்பளம் பிடிக்கக்கூடாது.

3. தோட்டங்களுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குகளில் திரவ நைட்ரஜன் சிகிச்சை எங்கே உண்டு, எந்த நாளில் உண்டு என்பதை அறிவிக்க வேண்டும். இல்லாத இடங்களில் ஏற்படுத்த வேண்டும்.

4. எதற்கும் மசியாத மருவுக்கு சிடோபோவிர் வேண்டுமென்று தோல் நிபுணர் முடிவு செய்தால், விலையைக் காட்டித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது மறுக்கப்படக்கூடாது. பணக்காரப் பிள்ளைக்குக் கடைசி ஆயுதம், ஏழைப் பிள்ளைக்குக் கடைசி வாங்கு என்ற நியாயத்தை நாம் ஏற்க மாட்டோம்.

5. ஸ்டோர் ஆசிட் பூட்டுக்குள் இருக்க வேண்டும்; அதைத் தோலில் பூசும் அபாயத்தைப் பிரட்டுக் களத்தில் எல்லாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஐந்தில் எது ஆகாயத்துச் சந்திரன்? எது தோட்டத்தைத் திவாலாக்கும்? ஒரு சிறு போத்தல் மருந்து, ஒரு வண்டி, ஐந்து நாள் சம்பளம். இவ்வளவுதான் கேட்கிறோம்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். தனி ஏழையின் சொல் ஏறாதுதான். ஆகையால் கமிட்டிக் காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். உங்கள் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இரண்டாண்டுக்கு மேற்பட்ட மரு இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எடுங்கள். பட்டியலோடு நிர்வாகத்திடம் போங்கள். "மருதானே!" என்று சிரித்தால், அந்தச் சிரிப்பையும் எழுதி நமக்கு அனுப்புங்கள். பிரசுரிப்போம்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளை பைக்குள் ஒளித்து வைத்திருக்கும் கையை வெளியே எடுக்கும் வரை நாம் ஓயமாட்டோம்.